இடது கழுத்தில் ஒருத்தி

தாய்லாந்தின் கோன் கேன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் ரத்த ஆய்வுக்கூடத்தை நடத்தி வந்தவளுக்கு இரண்டு பெயர்கள். பதிவேட்டில் ஜிராபா, ஊர் வாயில் கோப். கோப் என்றால் தவளை. பிறந்தபோது அத்தனை அழகாம். அழகான குழந்தை என்று வெளியே தெரிந்தால் கண்ணுக்குத் தெரியாதவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து அவள் அப்பா வைத்த பெயர் அது. நாற்பத்தொரு வயதாகி, கடல் கடந்து படித்துவிட்டு வந்த பிறகும் 'தவளை ஆசான்' என்றுதான் ஆஸ்பத்திரியே கூப்பிட்டது. பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் புது எந்திரம் வந்து இறங்கிய அன்று, கட்டட வாசலில் காவல் ஆவிக்கென்று வைத்திருக்கும் குட்டி வீட்டுக்கு ஒரு பாட்டில் சிவப்பு சோடாவை உறிஞ்சுகுழல் போட்டு வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினாள். நம்பிக்கை வேறு, மரியாதை வேறு என்பது அவள் கட்சி.

பைதோங் அவளிடம் வந்தது ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில். ஏழு வயதுப் பெண். நெஞ்சு நிறையச் சளி, விட்டு விட்டு வரும் காய்ச்சல். குழந்தைகள் வார்டு மருத்துவர், பெயர் தானின், அவள் மரபணுவைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறவிக் கோளாறு என்று சொல்லி ரத்தத்தை மேலே அனுப்பினார்.

கோளாறு இதுதான். கிருமியைப் பிடித்துக் கட்டிப்போட உடம்புக்கு எதிர்ப்பொருள் வேண்டும். அதைச் சுரக்கிற செல்கள் பிறக்கும்போதே கைதேர்ந்தவை அல்ல, வெறும் கத்துக்குட்டிகள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்தக் கணுக்களுக்குள்தான் அவற்றுக்குப் பள்ளிக்கூடம். அங்கே துணைச் செல் என்று வேறொரு வகை உட்கார்ந்திருக்கும். அது ஒவ்வொரு கத்துக்குட்டியையும் தொட்டுப் பார்த்து, நீ தேறுவாய், போய் இன்னும் கூராகி வா என்று அனுப்பும். தேறாததைச் சாகவிடும். தொடுவதற்கு அதன் மேல் கை மாதிரி ஒரு புரதம் உண்டு. பைதோங்கின் துணைச் செல்களுக்கு அந்தக் கை இல்லை. அவள் உடம்பால் அதைச் செய்யவே முடியாது. அப்படியொரு குழந்தையின் ரத்தத்தில் உருப்படியான எதிர்ப்பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அவள் ஏழு வயது வரை வந்திருக்கவும் கூடாது.

ஆனால் இருந்தது. தட்டம்மைக்கு இருந்தது, முந்தின வருஷம் ஊரைப் படுக்கவைத்த விஷக்காய்ச்சலுக்கு இருந்தது. அதுவும் நன்றாகத் தீட்டப்பட்ட, முதல் தரமான எதிர்ப்பொருள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாதிரி.

சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள, கழுத்துக் கணுவிலிருந்து ஊசியில் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது. கோப் வார்டுக்கு இறங்கிப் போனாள். பைதோங் என்றால் வாழையிலை. பெண்ணும் அப்படித்தான் வெளிறிய பச்சையாக, நரம்பு தெரியக் கிடந்தாள். வலது பக்கம் ஒன்றுமே கட்டவில்லை. இடது பக்கம் மட்டும் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகத் தட்டுப்பட்டது. ஊசியைப் பார்த்ததும் பயப்படுவாள் என்று எதிர்பார்த்தால், அவள் கையை உயர்த்தி இடது கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் மெதுவா ஆசான். இங்க ஒருத்தங்க தூங்கிட்டிருக்காங்க."

குழந்தைகள் ஆயிரம் சொல்லும். கோப் சிரித்துக்கொண்டே குத்தினாள். ஆனால் மாடிப்படி ஏறும்போது, குப்பியைப் பிடித்திருந்த கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு போனதை அவளே கவனித்தாள்.

செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒளி பாய்ச்சி எண்ணுகிற எந்திரம் அது. திரையில் ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி. கையில்லாத துணைச் செல்களெல்லாம் கீழே திட்டாகக் குவிந்துகொண்டே வந்தன. மேலே, வெற்றிடமாக இருக்க வேண்டிய மூலையில், ஒவ்வொன்றாகப் புள்ளிகள் விழத் தொடங்கின. ஒரு லட்சத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் கை இருந்தது. பைதோங்கின் உடம்பு செய்ய முடியாத கை. அப்படியென்றால் அந்தச் செல்கள் பைதோங்குடையவை அல்ல.

கோப் அவற்றைத் தனியே பிரித்துக் கிண்ணத்தில் இட்டு, பைதோங்கின் கத்துக்குட்டிச் செல்களை அருகில் விட்டாள். ஆறாம் நாள் பார்த்தபோது அவை சுற்றி மொய்த்துக்கொண்டு பெருகியிருந்தன. எட்டாம் நாள் கிண்ணத்தில் எதிர்ப்பொருள் ஊறியிருந்தது. இன்னொரு கிண்ணத்தில் வேறொரு குழந்தையின் செல்களை வைத்துப் பார்த்தாள். அங்கே அவை வேலையே செய்யவில்லை. இந்த ஒரு குழந்தைக்குத்தான் செய்தன.

அவள் பயப்படவில்லை, முதலில் சந்தோஷம்தான் பட்டாள். புத்தகத்தில் உண்டு, ஆனால் எங்கோ எப்போதோ ஒன்று: வயிற்றில் இருக்கும்போதே தாயின் செல்கள் சில குழந்தைக்குள் புகுந்து, விரட்டப்படாமல் தங்கிவிடும். ஆக, தாய்தான். நிம்மதியாக ஒரு தட்டு பப்பாளி சாலட் வரவழைத்துச் சாப்பிட்டாள்.

தாய் லம்துவான் பேருந்து நிலையத்தில் வாட்டிய கோழியும் ஒட்டரிசிச் சோறும் விற்கிறவள். வயது நாற்பத்தாறு. கணக்காகப் பேசுவாள், கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது. காய்ச்சல் எப்படி வரும், எப்படிப் போகும் என்று கோப் கேட்டபோது மட்டும் கொஞ்சம் வாய் திறந்தாள். எந்தக் காய்ச்சலானாலும் மூன்றாம் நாள் இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாளாம். கண்ணை மூடியபடியே சிரிப்பாளாம், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி உதடு அசையுமாம். அப்போது இடது கழுத்து வீங்கும். ஐந்தாம் நாள் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கிவிடும். அந்த மூன்று நாளும் லம்துவான் சும்மா இருப்பதில்லை. வீட்டுப் படிகளில் இலந்தை முள்ளைப் போட்டு, மந்திரக்காரரைக் கூப்பிட்டு நூல் கட்டி, வாசலில் மிளகாய் வற்றலைப் புகைத்துக்கொண்டே இருப்பாளாம்.

எதற்கு என்று கோப் கேட்டாள்.

"வர்றவள வெரட்ட வேணாமா?" என்றாள் லம்துவான். யார் வருகிறவள் என்று கேட்டதற்கு, கோழி கருகிவிடும், கடையில் ஆள் இல்லை என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்டில் மருத்துவர் தானின் முடிவுக்கு வந்தார். ஊசியில் எதிர்ப்பொருள் ஏற்றுவது ஒட்டுப்போடுகிற வேலை, நுரையீரல் அதற்குள் கெட்டுவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பாள். தாய் பாதிப் பொருத்தம் இருப்பாள், தாயிடமே எடுக்கலாம். அவசரத்துக்குக் காரணம் கோப்பின் எந்திரத்தில் இருந்தது. ஜூனில் இருநூற்றுப் பன்னிரண்டு, ஜூலையில் தொண்ணூறு, ஆகஸ்டில் முப்பத்தொன்று. உள்ளே இருக்கிறவள் களைத்துப்போகிறாள் என்று கோப் தன் குறிப்பேட்டில் எழுதினாள். எழுதியதைப் படித்துவிட்டுத் தன்மேலேயே எரிச்சல்பட்டு, 'எண்ணிக்கை குறைகிறது' என்று அடித்துத் திருத்தினாள்.

பிறகு லம்துவானின் ரத்தத்தை எடுத்து அந்த முப்பத்தொன்றோடு ஒப்பிட்டாள். பொருந்தவில்லை. குப்பியை மாற்றி வைத்துவிட்டோமோ என்று மறுபடி எடுத்தாள், மறுபடியும் பொருந்தவில்லை. பைதோங்கின் கழுத்தில் இருந்தவள் பைதோங்கைப் பெற்றவள்தான், அவள் மரபணுவில் சரிபாதி பிள்ளையிடம் இருந்தது. லம்துவான் அவள் இல்லை. ஆனால் அந்நியமும் இல்லை. உடன்பிறந்தவர்கள் எவ்வளவு ஒத்திருப்பார்களோ அவ்வளவு ஒத்திருந்தார்கள்.

பகல் பன்னிரண்டு மணி, ஆய்வுக்கூடத்தில் ஏழெட்டுப் பேர் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோப்புக்கு மட்டும் கை முழுக்க மயிர் கூச்செறிந்து நின்றது.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்க மேசையில் லம்துவானை உட்காரவைத்தாள். பிள்ளைகளின் தாய்மாரை ஆஸ்பத்திரியில் அம்மா என்றுதான் அழைப்பார்கள். அன்றைக்கு அந்தச் சொல் பொருந்தாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்படியே அழைத்தாள். மஜ்ஜை மாற்றும் குழு காகிதங்களைக் கேட்கிறது, பெற்றவள் என்று நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், ரத்தமோ இல்லை என்கிறது. எங்கிருந்தோ தூக்கிவந்த பிள்ளை என்று போலீஸுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் நாள் ஓடும், பிள்ளைக்கு நாள் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள்.

லம்துவான் முன்னால் இருந்த சோற்று உருண்டையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சொன்னா அது போயிரும் ஆசான்," என்றாள் கடைசியில்.

"எது போயிரும்?"

"நான் வாங்குனது."

அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. வெள்ளம் வந்த வருஷம். தங்கை கேசோன், அக்கா வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். புருஷன் தைவானுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். படகு வருவதற்குள் ரத்தம் போய், இரண்டாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். மூன்றாம் நாள் குழந்தையை முறத்தில் போட்டு, இது யார் பிள்ளை, உங்களுடையதானால் இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று காட்டைப் பார்த்து ஆவிகளிடம் மூன்று முறை கூவினார்கள். யாரும் வரவில்லை. லம்துவான் ஒரு காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிறதுதான், பிறகு விளையாட்டாக மறந்தும் போவார்கள். ஆனால் பெற்றவள் பிரசவத்தில் போன பிள்ளைக்கு அது விளையாட்டில்லை. இனி இவளைப் பெற்றவள் இன்னாள் என்று வாயால் சொன்னாலோ கையால் எழுதினாலோ வாங்கியது செல்லாது, உரியவள் வந்து எடுத்துக்கொண்டு போவாள் என்று மந்திரக்காரர் சொல்லியிருந்தார். அதனால்தான் பிறப்புப் பதிவில் தன் பெயர். அதனால்தான் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும்.

"அவள எரிக்கல. அப்படிப் போனவங்கள எரிக்க மாட்டாங்க, பொதைக்கணும். மேல மூங்கில் முளை அடிக்கணும், எந்திரிச்சு வராம இருக்க. கூடப் பொறந்த கைதான் அடிக்கணும்னாரு." லம்துவான் தன் வலது கையைப் பார்த்தாள். "நான்தான் அடிச்சேன். மூணு அடி. அப்பவும் வந்துட்டுத்தான இருக்கா. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் புள்ளைய எடுத்துட்டுப் போக வர்றா."

கோப்புக்குப் படித்த படிப்பு முழுவதும் அந்த நேரம் கைக்கு வராமல் போனது. கடைசியில், கோழி வாங்கப் போன கடையில் பேச்சுக்கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

"எடுத்துட்டுப் போக வரல அம்மா. அவங்க போகவே இல்ல. வயித்துல இருந்தப்பவே அவங்க செல்லு கொஞ்சம் இவளுக்குள்ள போயிருக்கு. இடது கழுத்துல இருக்கு. காய்ச்சல் வந்தா எந்திரிச்சு வேலை பாக்குது. இவ உடம்புக்குத் தெரியாதத அதுதான் சொல்லிக்கொடுக்குது. ஏழு வருஷமா இவள உசுரோட வெச்சிருக்கிறது உங்க தங்கச்சிதான்."

"அவ வேலை பாக்குறப்பல்லாம் நான் மொளகாயப் பொகைச்சுட்டு இருந்திருக்கேன்," என்றாள் லம்துவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. மறைத்துப் பழக்கமில்லாததால் கோப் அதையும் சொன்னாள். மஜ்ஜையை லம்துவானிடம் எடுக்கலாம், சின்னம்மா பெரியம்மா ரத்தத்திலும் சில சமயம் பாதிப் பொருத்தம் அமையும், இவளுக்கு அமைந்திருக்கிறது. ஆனால் புது மஜ்ஜை ஊன்ற வேண்டுமானால் முதலில் மருந்து கொடுத்துப் பழையதையெல்லாம் துடைத்து எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் அந்த முப்பத்தொன்றும் அதில் போய்விடும். விட்டுவைத்தால் மட்டும் என்ன, மழைக்காலம் முடிவதற்குள் அவையே தீர்ந்துவிடும், பிள்ளையும் கூடவே போவாள்.

"ரெண்டாவது தடவையும் என் கையாலதானா," என்றாள் லம்துவான்.

அவள் எழுத ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை, வார்டு மேசையில் நின்றபடி, பெற்றவள் பெயர் என்ற இடத்தில் கேசோன் என்று எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை வைக்காமல் நடைபாதையின் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பும் பார்த்தாள். சாப்பாட்டு வண்டி ஒன்று மட்டும் வந்தது.

மருந்து தொடங்குவதற்கு முந்தின நாள் பிற்பகல் கோப் வார்டுக்குப் போனபோது பைதோங் தூங்கிக்கொண்டிருந்தாள். லம்துவான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையின் இடது கழுத்தில் கை வைத்திருந்தாள். கோப் வந்ததை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

"கேசோன், நான்தான். ஒன்ன வெரட்டுனேன், தெரியாம வெரட்டுனேன். நாளைக்கு மருந்து ஏத்துறாங்க. அது ஒன்னயும் சேத்துக் கொன்னுரும்னு ஆசான் சொல்றாங்க. ஏழு வருஷம் நீ பாத்துக்கிட்டது போதும். இனி நான் பாத்துக்கறேன். புள்ள என் ரத்தத்துல பொழைச்சுக்குவா. நீ போ."

குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முகத்தில் உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா, கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

பைதோங்குக்கு அக்கா கிடையாது. லம்துவானை அவள் பிறந்ததிலிருந்து அம்மா என்று தவிர வேறெதுவும் அழைத்ததில்லை. கோப்புக்குப் பயம் என்றால் சுத்தமான பயம், தவளை என்று பெயர் வைத்தும் தன்னைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு பயம். லம்துவான் என்ன செய்தாள் என்றால், கையை எடுத்துத் துணியில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மருந்து ஏற்றுவதற்கு முன், வழக்கப்படி கழுத்துக் கணுவிலிருந்து கடைசி மாதிரி எடுத்தார்கள். எந்திரத்தில் கீழ்த் திட்டு முழுதாக நிறைந்தது. மேல் மூலையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. லட்சம் போதவில்லை என்று கோப் ஐந்து லட்சம் எண்ணினாள். எந்திரத்தைச் சோதித்தாள், சாயத்தை மாற்றினாள், மூன்று முறை ஓட்டினாள். பூஜ்யம். இரண்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது ஒரே நாளில் இப்படிப் போகாது. ஊசி வேறு இடத்தில் குத்தியிருக்கும் என்றார் தானின். அப்படியும் இருக்கலாம். பத்து மணிக்கு மருந்து ஏறியது.

ஒன்பதாம் நாள் மஜ்ஜை எடுக்க லம்துவானைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். கோப்பைப் பக்கத்தில் கூப்பிட்டு, மருந்து ஏறினபோது தங்கைக்கு வலித்திருக்குமா என்று கேட்டாள். செல்களுக்கு வலி தெரியாது என்று கோப் சொன்னாள். உண்மைதான். ஆனால் சொல்ல வேண்டியது அது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. விஞ்ஞானி என்கிற வீம்பு வாயைக் கட்டிப்போட்டது. தன் கையால் இரண்டாம் முறையும் தங்கையைக் கொன்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடே அந்தப் பெண் மயக்கத்துக்குள் போனாள்.

மஜ்ஜை ஏற்றிய நாற்பதாம் நாள் பைதோங்குக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியது. எந்திரத்தின் மேல் மூலை மழைத் தூறல் மாதிரி நிறைந்துகொண்டே வந்தது. ஆயிரக்கணக்கில் கையுள்ள துணைச் செல்கள், அத்தனையும் லம்துவானுடையவை. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கோப் மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினாள்.

பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து லம்துவான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டாள், ஆசானுக்குக் கை குவித்தாள். முகம் மலரவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் கோப்புக்கு வீம்பெல்லாம் விட்டுப்போயிற்று.

"அம்மா, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே. மருந்து அவங்களத் தொடல. நீங்க கழுத்துல கை வெச்சுப் பேசுனீங்கள்ல, அதுக்கு மறுநாள் காலையில, மருந்து ஏத்துறதுக்கு முன்னாடியே பாத்தேன். ஒண்ணுகூட இல்ல. அவங்க கெளம்பிட்டாங்க."

லம்துவானின் கையில் இருந்த சோற்று உருண்டை தட்டில் விழுந்தது.

"நான் சொன்னதக் கேட்டுட்டுப் போனாளா?"

இதற்கு ஆறு விளக்கம் கோப்பிடம் இருந்தது. ஆறையும் அவளே ராத்திரி பகலாக யோசித்து வைத்திருந்தாள்.

"ஆமா," என்றாள்.

பிரசவத்தில் போனவளுக்காக அழக் கூடாது, அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்துவிடுவாள் என்று மந்திரக்காரர் அன்றைக்கே சொல்லியிருந்தாராம். லம்துவான் ஏழு வருஷமும் அழவில்லை. அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் முன்னால், வாயைப் பொத்திக்கொள்ளாமல், தங்கை பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பைதோங் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, அவள் மடியிலிருந்த தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.